அன்றாட வாழ்வே பயிற்சிக்கூடம்

குழந்தை குப்புற விழுகிறது; தவழ்கிறது; உட்காருகிறது; தளிர்நடை போடுகிறது. இவற்றையெல்லாம் யாரும் கற்றுத் தராமல் அது தானாகவே கற்றுக்கொள்வதாக நாம் நினைக்கிறோம். சற்றே சிந்தித்தால் உண்மை விளங்கும். பாட்டி காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது "கை எங்கே? கால் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே நீர் ஊற்றுகிறாள். அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டிச் சோறூட்டுகிறாள். அக்காள் விரலைப் பிடித்துக் கடைக்கு அழைத்துப் போகிறாள். இப்படிக் குளியலிலும் உணவிலும் விளையாட்டிலும் நாள்தோறும் நூறு முறை பழகுவதால்தான் குழந்தை வளர்கிறது. வீடுதான் அதன் முதல் பள்ளி என்று சொன்னால் அது மிகையாகாது.

உடலிலோ அறிவு வளர்ச்சியிலோ குறைபாடு உள்ள குழந்தையும் இதே வழியில்தான் கற்கிறது. அதற்குக் காலம் கூடுதலாகத் தேவை; முறையும் சற்றே மாற வேண்டும். ஆனால் நம் ஊர்களில் நடப்பது என்ன? இக்குழந்தைக்கு மட்டும் பயிற்சி என்பது தொலைவிலுள்ள மருத்துவமனையில், பெரிய கருவிகளுடன், படித்தவர் கையால் நடக்க வேண்டியது என்று எண்ணிவிடுகிறோம். வீட்டில் அதைப் பாயில் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டால் போதும் என்று இருந்துவிடுகிறோம். இந்த எண்ணம் மாறினால் எத்தனையோ குழந்தைகளின் வாழ்வு மாறும். அது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஆணியில் தொங்கும் தாள்

பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தில், வெள்ளாற்றங்கரையில் அமைந்த பேரூர் லப்பைக்குடிக்காடு. ஆற்றைக் கடந்தால் கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடி. ஊரிலுள்ள ஆண்கள் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கிறார்கள். சுற்றியுள்ள சிற்றூர்களில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. இப்பகுதியில் மூளை முடக்குவாதம் உடைய நான்கு வயதுக் குழந்தையின் தாய் ஒருத்தியை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம்.

விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துத் தண்ணீர் பிடித்து அடுப்பு மூட்டுகிறாள். மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். மாமியாருக்கு மருந்து கொடுக்கிறாள். களை எடுக்கும் காலமென்றால் காட்டு வேலைக்கும் போகவேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் அரசு மருத்துவமனைக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் பொழுதும் ஒரு நாள் கூலியும் போயிற்று. அங்கே இயன்முறை மருத்துவர் அன்போடு சொல்லித்தரும் பயிற்சிகளை அவள் கவனமாகக் கேட்டுக்கொள்கிறாள். "தினம் காலை அரைமணி, மாலை அரைமணி செய்யுங்கள்" என்று எழுதிய தாளையும் வாங்கி வருகிறாள். சில நாள் செய்கிறாள். பிறகு அந்தத் தாள் சுவரில் ஆணியில் தொங்கத் தொடங்குகிறது.

அவளுக்கு அக்கறை இல்லையா? இருக்கிறது. இல்லாதது அந்த அரைமணி நேரந்தான். செய்ய முடியவில்லையே என்ற வருத்தம் வேறு அவளை வாட்டுகிறது. அக்கம்பக்கத்தாரோ, "எந்தப் பாவமோ, யார் சாபமோ" என்று பேசுகிறார்கள். இந்நிலையில் அவளிடம் இன்னொரு வேலையைச் சேர்த்துச் சொல்வது உதவியாகாது. அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்குள்ளேயே பயிற்சியை வைத்துத் தருவதுதான் உதவி. குழந்தையை எப்படியும் எழுப்பவேண்டும், குளிப்பாட்டவேண்டும், உடுத்தவேண்டும், ஊட்டவேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒரு பாடவேளை ஆகட்டும். அப்போது தாளும் வேண்டாம். தனி நேரமும் வேண்டாம்.

குறை பற்றிய தெளிவு

கருவில் இருக்கும்போதோ, பிறக்கும் வேளையிலோ, பிறந்த முதல் சில ஆண்டுகளிலோ வளரும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பே மூளை முடக்குவாதம். குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் முதலியவை இதற்குக் காரணங்களாகலாம். தசைகள் விறைத்தோ தளர்ந்தோ போகின்றன. இது தொற்று நோயன்று. பேச வராத குழந்தைக்கும் அறிவு கூர்மையாக இருக்கக்கூடும். பாவமும் சாபமும் இதற்குக் காரணமில்லை என்பதை முதலில் நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் கிராமங்களில் ஊனம் என்றால் இளம்பிள்ளை வாதமே நினைவுக்கு வரும். சொட்டு மருந்தின் பயனாக 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் அந்நோய்க் கிருமியால் இயற்கையாகப் பரவிய வாதம் காணப்படவில்லை. 2014 மார்ச்சில் நம் நாடு அந்நோய் நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. இன்று குறைமாதத்தில் பிறந்த சிசுக்களையும் மருத்துவம் காப்பாற்றுகிறது. காப்பாற்றப்பட்டவர்களில் சிலருக்கு நெடுங்காலத் துணை தேவைப்படுகிறது. அத்துணையை வீட்டிலேயே கொடுப்பது எப்படி என்பதே இன்றைய கேள்வி.

வழிகாட்டிகள்

இந்தக் கேள்வி உலகெங்கும் எழுந்தது. 1970களின் இறுதியில் உலக சுகாதார நிறுவனம் இதற்கு விடை தேடியது. நகரத்து மருத்துவமனைகளை மட்டும் நம்பினால் ஏழை நாடுகளின் கிராமத்துக் குழந்தைகளுக்கு என்றுமே உதவி எட்டாது என்று அது உணர்ந்தது. சுவீடன் நாட்டு மருத்துவர் ஐனார் ஹெலண்டரும், நம் அண்டை நாடான இலங்கையின் இயன்முறை மருத்துவர் பத்மனி மெண்டிஸ் அம்மையாரும் மற்றோரும் சேர்ந்து, குடும்பத்தாரே பார்த்துச் செய்யத்தக்க படங்கள் நிறைந்த கையேட்டை ஆக்கினர். பல நாடுகளில் பயன்படுத்தித் திருத்தப்பட்டு 1989இல் அது நூலாக வெளிவந்தது. ஊருக்குள்ளேயே ஒருவரைப் பயிற்றுவித்து, அவர் வீட்டுக்கு வந்து குடும்பத்தாருக்குக் கற்றுத் தருவதே அதன் அடிப்படை. இதனைச் சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு என்பர்.

நம் தமிழகத்திலேயே இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இயங்குகிறது அமர் சேவா சங்கம். இதனை நிறுவிய திரு. எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கீழே விழுந்து கழுத்துத் தண்டுவடம் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. மனம் தளராத அவர், தமக்குச் சிகிச்சையும் ஊக்கமும் அளித்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாகல் அவர்களின் பெயரால் 1981இல் இச்சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழும் பட்டயக் கணக்கர் திரு. எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். 2020இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இச்சங்கத்தின் ஊழியர்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். பயிற்சி பெற்ற அவர்கள் வீடு வீடாகச் சென்று குழந்தைகளைப் பார்க்கிறார்கள். குழந்தையின் நிலையைக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்கிறார்கள். இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் போன்ற வல்லுநர்கள் அதைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். முதலில் தாயிடம் கேட்கப்படுவது, "உங்கள் குழந்தை எதைச் செய்தால் உங்களுக்கு நிம்மதி?" என்பதே. "சாய்ந்து விழாமல் உட்கார்ந்தால் போதும், நான் சோறு வடித்துவிடுவேன்" என்று ஒரு தாய் சொல்லக்கூடும். அதுவே அவ்வீட்டின் முதல் இலக்கு ஆகிறது.

காலை முதல் இரவு வரை

இனி ஒரு நாளின் வேலைகளில் பயிற்சி எப்படி அமையும் என்று பார்ப்போம். பொதுவான சில முறைகளையே இங்குத் தருகிறோம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஏற்றது எது என்பதை இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள்வது நலம்.

எழுப்புதல்: தூங்கும் குழந்தையைச் சட்டென்று தூக்கினால் உடல் வில்போல் விறைத்துக்கொள்ளும். பெயர் சொல்லி அழைத்து, "எழுந்திருக்கலாமா?" என்று கேட்டு, ஒரு பக்கமாக மெல்லப் புரட்டி, முழங்கால்களை மடக்கித் தூக்கவேண்டும். கால்கள் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்ளும் குழந்தையை நம் வழக்கப்படியே இடுப்பின் இருபுறமும் கால் போட்டுத் தூக்குவது மிகவும் நல்லது. கால்கள் அகன்று நிற்கும். குழந்தை தலையை நிமிர்த்தி உலகத்தையும் பார்க்கும். நம் பாட்டிமார் தூக்கிய முறையை இயன்முறை மருத்துவரும் பரிந்துரைக்கிறார் என்பது எவ்வளவு மகிழ்ச்சி!

குளிப்பும் உடுப்பும்: வெதுவெதுப்பான நீர் விறைத்த தசைகளைச் சற்று இளகச் செய்யும். அந்த வேளையில் கையையும் காலையும் மெதுவாக நீட்டி மடக்கலாம்; வலிந்து இழுத்தல் கூடாது. உறுப்புகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே சோப்புத் தேய்த்தால் அதுவே மொழிப்பாடம். சட்டை போடும்போது விறைப்பான கையை முதலில் நுழைக்கவேண்டும்; கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கவேண்டும். எல்லாவற்றையும் நாமே செய்துவிடாமல் கடைசிப் படியை மட்டும் குழந்தைக்கு விடவேண்டும். தலைவழியாகச் சட்டையை மாட்டி வயிறுவரை இறக்கிவிட்டு, மீதியை இழுத்துவிடச் சொல்லலாம். வேலை முடிந்த பெருமை குழந்தைக்குக் கிடைக்கும். அது பழகியபின் அதற்கு முந்தின படியையும் விட்டுக்கொடுக்கலாம்.

உணவு: படுக்க வைத்தும், தலையை அண்ணாந்து பிடித்தும் ஊட்டுவது ஆபத்து. உணவு மூச்சுக்குழாயில் இறங்கிச் சளியும் காய்ச்சலும் வரும். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, தலை சற்றே முன்புறம் தாழ்ந்திருக்க, நாம் எதிரில் அதன் முகமட்டத்தில் உட்கார்ந்து சிறிது சிறிதாக ஊட்டவேண்டும். விழுங்கிய பிறகே அடுத்த வாய். உண்டபின் அரைமணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. இட்லி ஒரு கையிலும் வாழைப்பழம் மறு கையிலும் காட்டி, "எது வேண்டும்?" என்று கேட்டுக் காத்திருக்கவேண்டும். மனத்துக்குள் பத்து எண்ணும்வரை பொறுத்தால், பேச்சு வராத குழந்தையும் கண்ணால் காட்டும்; கையை அசைக்கும். தன் விருப்பத்தை இன்னொருவர் மதிக்கிறார் என்று அது அறியும் முதல் பாடம் இதுவே.

உட்காருதல்: தனி நாற்காலி வாங்க வசதியில்லாத வீட்டில் சுவர்மூலை உதவும். இரு சுவர்களும் தோள்களைத் தாங்க, பழம்புடவைச் சுருளை இரு பக்கமும் வைத்தால் குழந்தை கைகளை முன்னே கொண்டுவந்து விளையாடும். நிற்கத் தொடங்கும் குழந்தைக்கு முற்றத்தில் இரண்டு மூங்கில்களை அதன் இடுப்பு உயரத்தில் இணையாகக் கட்டிக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு நடை பழகும். மருத்துவமனையில் இருக்கும் இரும்புக் கம்பிகள் செய்யும் அதே வேலையை இம்மூங்கில்களும் செய்யும்.

வீட்டு வேலை: அம்மா சின்ன வெங்காயம் உரிக்கையில் குழந்தையிடம் நாலு வெங்காயத்தைக் கொடுத்துக் கூடையில் போடச் சொல்லலாம். மக்காச்சோளக் கதிரை உதிர்ப்பது விரல்களுக்கு நல்ல பயிற்சி; ஆனால் மணிகளை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளாமல் அருகிலிருந்து பார்க்கவேண்டும். கடைக்குப் போகும்போது காசைக் குழந்தையின் கையில் கொடுத்து நீட்டச் செய்யலாம். கடைக்காரரும் தாயைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்து, "என்ன வேணும் தம்பி?" என்று கேட்டால் அது எவ்வளவு பெரிய உதவி!

நேரம் அறிதல்: அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கும், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாதபோது அச்சமும் அடமும் மிகும். நாள்தோறும் ஒரே வரிசையில் வேலைகள் நடந்தால் அமைதி பிறக்கும். லப்பைக்குடிக்காட்டில் ஐவேளையும் பாங்கு ஒலிக்கிறது. வேறோர் ஊரில் கோயில் மணி ஒலிக்கும். பள்ளி மணி ஒலிக்கும். "பாங்கு சொல்லியாச்சு, இனிக் கை கழுவிச் சாப்பிடலாம்" என்று தினமும் சொன்னால் அந்த ஓசையே குழந்தைக்குக் கடிகாரம். அயல்நாட்டிலிருக்கும் அத்தாவும் நாள்தோறும் ஒரே நேரத்தில் கைப்பேசியில் முகம் காட்டி, குழந்தை அன்று செய்த ஒரு செயலைக் கேட்டுப் பாராட்டலாம்.

இரவு: கால்கள் பின்னும் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தொடைகளுக்கிடையே சிறு தலையணை வைக்கலாம். இரவில் ஓரிரு முறை பக்கம் மாற்றிவிடுதல் நலம்.

சில எச்சரிக்கைகள்

இம்முறைகளால் எல்லாக் குழந்தைகளும் நடந்துவிடும், பேசிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி எண்ணெயும் மருந்தும் விற்போரிடம் நகையை அடகு வைத்துப் பணம் இழந்த குடும்பங்கள் உண்டு. மூளையில் ஏற்பட்ட பாதிப்பை எந்த எண்ணெயும் நீக்காது. ஆனால் மூட்டுகள் இறுகாமல் காக்கலாம். உண்பதும் உட்காருவதும் எளிதாகும். தன் விருப்பத்தைத் தெரிவிக்கக் குழந்தை கற்கும். இவை சிறிய வெற்றிகளல்ல.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ கொடுப்பதும், வாயில் கரண்டி வைப்பதும் தவறு. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றி, நேரத்தைப் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, தொடர்ந்து வந்தாலோ உடனே 108 வண்டியை அழைக்கவேண்டும். மருத்துவர் தந்த வலிப்பு மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. வலிப்பு வரும் குழந்தையைத் தண்ணீர்த் தொட்டியருகே தனியே விடலாகாது. ஒவ்வொரு முறை உண்ணும்போதும் இருமல், எடை குறைதல் இவை கண்டால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது.

உரிமைகளும் உதவிகளும்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பாதிப்புள்ள 6 முதல் 18 வயதுவரையான பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உரிமை உண்டு. பெரம்பலூரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனித்துவ அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, உதவிக் கருவிகள் பற்றி விவரம் கேட்கலாம். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள் பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளை வீட்டில் சென்று பார்க்கின்றனர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தருவதும் சேர்க்கப்பட்டது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்குத் தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு 1 இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவும். எழுதப் படிக்கத் தெரிந்த நாம், விண்ணப்பம் நிரப்பத் தெரியாத ஒரு குடும்பத்துக்கு அதை நிரப்பிக் கொடுத்தால் அதுவே பேருதவி.

அந்த அக்காள் யார்?

இவ்வளவையும் யார் செய்வது? தாய் ஒருத்தியே செய்தால் அவள் ஒடிந்து போவாள். அவளுக்கு முடியாதபோது அந்தச் சுமை யார்மேல் விழுகிறது தெரியுமா? வீட்டிலுள்ள பெண்பிள்ளைமேல். தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள் பள்ளிக்குத் தாமதமாக வருகிறாள். வெங்காய அறுவடைக் காலத்தில் வருவதே இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிடவும் கூடும். அவள் நம் வகுப்பிலேயே, நம் பக்கத்து இருக்கையிலேயே இருக்கலாம். ஆகவே ஒரு மாணவி அடிக்கடி தாமதமாக வந்தால் தண்டிக்குமுன், "வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறாய் அம்மா?" என்று ஆசிரியைமாரும் அருட்சகோதரியரும் கேட்கவேண்டுமென்று பணிவுடன் வேண்டுகிறோம். வேலையைப் பங்கிட்டால் எவர்க்கும் பாரமில்லை. காலையில் அப்பா குளிப்பாட்டலாம். மாலையில் அண்ணன் மூங்கில் பிடித்து நடத்தலாம். தாத்தா கதை சொல்லலாம். ஆண்பிள்ளை செய்யத்தகாத வேலை இதில் ஒன்றுமில்லை.

மாணவியராகிய நாம் செய்யத்தக்கவையும் உண்டு. குழந்தையை உற்று உற்றுப் பாராமல் பெயர் சொல்லி அழைத்துப் பேசுவோம். 'நொண்டி', 'ஊமை', 'லூசு' என்ற சொற்களை நம் நாவிலிருந்து அகற்றுவோம். தாயிடம் கேட்டு, மாலையில் அரைமணி நேரம் அக்குழந்தையோடு விளையாடுவோம். அந்த அரைமணியில் அவள் நிம்மதியாகத் தலை முழுகுவாள், சற்றே கண்ணயர்வாள். பிறந்தநாளென்றும் திருவிழாவென்றும் நம் வீட்டில் பிள்ளைகளை அழைக்கும்போது அக்குழந்தையையும் அழைப்போம். விளையாட்டின் விதியைச் சற்று மாற்றிக்கொண்டால் அதற்கும் ஓர் இடம் இருக்கும். பந்தை உதைக்க முடியாதவன் உருட்டலாம். ஓட முடியாதவள் எண்ணிக்கை சொல்லலாம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். இத்தகைய குழந்தையை வளர்க்கும் தாய்மார் இருவர் மூவர் ஊரில் இருந்தால் மாதமொரு முறை ஒரு வீட்டில் கூடுங்கள். ஒருத்தி கண்டறிந்த எளிய வழி மற்றவளுக்குக் கைகொடுக்கும். தான் தனியே இல்லை என்பதை அறிவதே பாதி பாரத்தைக் குறைக்கும்.

மாற்றுத்திறன் குழந்தையை வளர்க்கத் தாய் ஒருத்தி மருத்துவம் படித்து வர வேண்டியதில்லை. அவள் கையில் ஏற்கெனவே இருக்கும் வேலைகளே போதும். அவற்றை எப்படிச் செய்வதென்று காட்ட ஒருவர் வேண்டும். தோள் கொடுக்க ஊர் வேண்டும். அந்த ஊரில் நாமும் இருக்கிறோம். இந்த விடுமுறையில் நம் தெருவிலுள்ள அத்தகைய ஒரு வீட்டின் கதவைத் தட்டி, "அக்கா, நான் கொஞ்ச நேரம் பாப்பாவோடு இருக்கட்டுமா?" என்று கேட்போமா?